சின்னக் குழந்தை உள்ளவர்கள் இருக்கும் நாடகக் குழு: ஒத்திகை, டெக், ஷோ நாட்களை எப்படித் திட்டமிடுவது?

நேபத்தியம்:

நண்பர்களுக்கு வணக்கம். 11 நடிகர்கள், 6 பின்னரங்கக் கலைஞர்கள் உள்ள ஒரு நாடகத்துக்கு மேடை நிர்வாகம் பார்க்கிறேன். இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணி நேர நாடகம். ஏழு வார ஒத்திகை, அரங்கத்துக்குள் நான்கு நாள் டெக் (ஒளி, ஒலி, செட், உடை எல்லாவற்றையும் நாடகத்தோடு சேர்த்துப் பார்ப்பது), அப்புறம் 12 ஷோ. ஷோ தினமும் மாலை 7 மணிக்கு.

இந்த 17 பேரில் ஐந்து பேருக்கு ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள். ஒரு நடிகை ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் உட்காருகிறவருக்கு இரண்டு வயதில் பையன். வீட்டில் பாதிப் பொறுப்பு அவருடையது. ஒத்திகை நேரத்தை இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால் இப்போதே கேட்கிறேன்.

அட்டவணையை எப்படிப் போட்டால் இவர்களால் முழுதாக வேலை செய்ய முடியும்? ஒத்திகைக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை கிடைக்கும். குழந்தைகளை அங்கே வைத்துக்கொள்ளலாமா? பால் கொடுக்கும் நடிகைக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்? ஷோ அன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? இன்னொன்று, "அவங்களுக்கு மட்டும் சலுகையா" என்ற பேச்சு குழுவில் இப்போதே கேட்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மூன்றாம்மணி:

முதலில் அட்டவணை. அது சரியாக இல்லாவிட்டால் மற்ற உதவிகளால் பெரிய பயன் கிடையாது. நீண்ட நேரம் வேலை செய்யப் பெற்றோர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள். எப்போது முடியும் என்று தெரியாத வேலையைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், பாட்டியாக இருந்தாலும் சம்பளத்துக்கு வருகிறவராக இருந்தாலும், ஒரு மணிக் கணக்கில்தான் ஒப்புக்கொண்டு வருகிறார். ஒன்பதுக்கு முடிய வேண்டிய ஒத்திகை ஒன்பதே முக்காலுக்கு முடிந்தால் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரதியை எடுத்து, யாராவது மேடைக்கு வருகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே இருப்பது ஒரு துண்டு. இரண்டு மணி நேர நாடகம் பெரும்பாலும் 30 முதல் 50 துண்டுகளாக உடையும். ஒரு பெரிய தாளில் மேலே துண்டு எண்கள், இடது ஓரத்தில் பாத்திரங்கள். அந்தத் துண்டில் வசனம் இருந்தால் 'வ', பேசாமல் நின்றால் 'நி', இல்லாவிட்டால் காலி. இதை முடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்: முக்கியப் பாத்திரம் தவிர யாருக்கும் பாதிக்கு மேல் கட்டம் நிரம்பியிருக்காது. 'நி' போட்ட இடங்களில் முதல் மூன்று வாரம் வேறு யாராவது நின்றால் போதும்.

அடுத்தது, ஒரே ஆட்கள் வரும் துண்டுகளை, நாடக வரிசையைப் பார்க்காமல் ஒன்றாகச் சேருங்கள். முதல் சுற்றில் பிரதியின் ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம் என்று வையுங்கள். சண்டை, பாட்டு, கூட்டம் இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு தொகுப்புக்கும் நடுவில் 15 நிமிட இடைவெளி கட்டாயம். அது ஓய்வுக்காக அல்ல, முந்தைய தொகுப்பு இழுத்துக்கொண்டால் அடுத்து வருகிறவர் காத்திருக்காமல் இருக்க. அந்த இடைவெளியையும் இயக்குநர் ஒத்திகைக்கே எடுத்துக்கொள்ளப் பார்ப்பார். கொடுக்காதீர்கள்.

அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன்னால் கைக்குப் போய்விட வேண்டும். மாற்றம் இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்னால். அதற்குள் மாற்றினால் அது கட்டளை ஆகாது, வேண்டுகோள்தான். "முடியாது" என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு எல்லாரும் 9 மணிக்கு" என்று போடும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்துங்கள். "எதுக்கும் வந்து இருங்க, தேவைப்படலாம்" என்பதும் அதே வகைதான்.

கடைசியாக, ரன் (நாடகத்தை முழுதாக ஓட்டிப் பார்ப்பது) முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவருக்காகக் குறிப்பு சொல்வது. முக்கால் மணி நேரம் போகும். அதில் ஒருவருக்கு உரியது மூன்று நிமிடம் இருந்தால் அதிகம். உதவி இயக்குநர் எழுதி அன்றிரவே அவரவருக்கு அனுப்பட்டும். நின்று செய்துபார்க்க வேண்டிய குறிப்புகளை மட்டும் மறுநாள் முதல் 20 நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திரை:

நான் இயக்குகிறவன். மூன்றாம்மணி சொன்ன கட்டக் கணக்கு எழுதி முடித்த பிரதிக்கு நன்றாகப் பொருந்தும். ஒத்திகையில் கூட்டாக உருவாக்கும் நாடகத்துக்கு அப்படியே போட முடியாது; அங்கே யார் எந்தத் துண்டில் வருவார்கள் என்பதே நான்காவது வாரத்தில்தான் தெரியும். அப்படிப்பட்ட வேலைக்கு நாட்களைப் பிரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எல்லாரும், மூன்று நாள் சிறு குழுக்கள். எந்த இரண்டு நாள் என்பது ஏழு வாரமும் மாறவே கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தேவைப்படுவது இந்த மாறாத தன்மைதான்.

நேரத்தைப் பற்றி. நேபத்தியம், உங்களிடம் ஏழு வாரம் இருக்கிறது. காலை 10 முதல் 3 வரை, நடுவில் அரை மணி இடைவேளை என்று வைத்தால் நாளுக்கு நாலரை மணி நேரம்; வாரத்துக்கு 5 நாள், 7 வாரத்துக்கு 157.5 மணி. வழக்கமாக நான்கு வாரத்தில் நாளுக்கு 8 மணி என்று அடித்து முடிக்கிறவர்களுக்குக் கிடைப்பது 160. ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் எட்டு மணி நேர நாளின் கடைசி இரண்டு மணி நேரம் களைப்பில் போகும், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு: வாரம் கூடினால் ஒத்திகைக் கூடத்தின் வாடகையும் வாரச் சம்பளமும் கூடும். வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் நாடகத்துக்கு வருகிறவர்கள் குழுவில் இருந்தால் பகல் நேரம் அவர்களுக்கு ஆகாது. அங்கே இரண்டு பகல் நேரம், மூன்று மாலை நேரம் என்று கலந்து போட்டு, மாலை ஒத்திகையை 6 மணிக்கு மேல் தொடங்கி எட்டரைக்கு நிறுத்துங்கள்.

வாரம் ஆறு நாள் என்பதை ஐந்தாகக் குறைப்பது பெற்றோர்களுக்குப் பெரிய உதவி. பிரிட்டனில் 2015-ல் தொடங்கிய 'பேரன்ட்ஸ் அண்ட் கேரர்ஸ் இன் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்' அமைப்பு இப்படிப்பட்ட வேலைமுறை மாற்றங்களுக்காகத்தான் அரங்குகளோடு சேர்ந்து இயங்குகிறது. அவர்கள் பெயரிலேயே பெற்றோரோடு பராமரிப்பாளர்களையும் சேர்த்திருக்கிறார்கள். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற நடிகருக்கும் தேவை இதுவே.

ஊசிநூல்:

உடைப் பக்கம் இருந்து சொல்றேன். பால் கொடுக்கிற நடிகைக்கு என்ன வேணும்னு அவங்க கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க. முதல் கூட்டத்துலயே "இந்த அறை இருக்கு, இந்த நேரம் ஒதுக்கியிருக்கு"ன்னு சொல்லிடுங்க. கேட்டு வாங்குற நிலைமை வந்தா பாதிப் பேர் கேக்கவே மாட்டாங்க.

அறை: உள்ளே இருந்து தாழ் போடணும், கதவுல கண்ணாடி இருந்தா மறைக்கணும். நிமிர்ந்து உட்கார நாற்காலி, கை எட்டுற தூரத்துல ப்ளக், சின்ன மேஜை, பக்கத்துல தண்ணிக் குழாய். கழிப்பறை இதுக்கு இடமே இல்ல. எல்லாரும் உடை மாத்துற க்ரீன் ரூமும் சரிப்படாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் கதவைத் தட்டுவாங்க.

நேரம்: பம்ப் ஓடுறது 15-20 நிமிஷம். மாட்டி, கழட்டி, கழுவி வர மொத்தம் அரை மணி. அந்த வயசுக் குழந்தைக்கு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கங்க. ஒரு தடவை தள்ளிப்போனா மார்பு கட்டிக்கும். அடிக்கடி தள்ளிப்போனா வீங்கிக் காய்ச்சலே வந்துடும். அதனால "இந்த சீன் முடிஞ்சதும் போயிடுங்க"ங்கிற பேச்சு வேண்டாம், அட்டவணைலயே நேரம் போடுங்க. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கவும் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட 183-வது உடன்படிக்கை, 2000-ம் வருஷத்தோடது, பாலூட்டுற இடைவேளையை வேலை நேரமாத்தான் கணக்கு வைக்கணும்னு சொல்லுது.

ஷோ நாள்: 7 மணிக்குத் திரைன்னா அரை மணி அழைப்பு 6:30. அதுக்கு முன்னால 5:45-ல இருந்து 6:15 வரை அவங்களுக்கு. 9 மணிக்கு ஷோ முடிஞ்சதும் நேரா அந்த அறைக்கு. இடைவெளி மூணு மணிக்குள்ள அடங்கிடும், அதனால இடைவேளைல அவசரப்பட வேண்டாம். ஷோ தாமதமாகும்னா உடனே அவங்களுக்குத் தெரியணும், அதை மட்டும் யாராவது ஒருத்தர் பொறுப்பா எடுத்துக்கங்க.

பாலை வைக்க: அறை சூடு 25 டிகிரி வரை இருந்தா நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல நாலு நாள், உறைஞ்ச ஐஸ் பேக் போட்ட பைல 24 மணி நேரம். அரங்கத்துக்குப் பின்னாடி அறைகள் பல நேரம் 25 டிகிரிக்கு மேலதான் இருக்கும், அதனால வெளியே வைக்கிறதையே நம்பாதீங்க. பாட்டில்ல பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டணும்.

உடை: முன்பக்கம் திறக்கணும், வெல்க்ரோவோ அழுத்துற பட்டனோ. முதுகுல ஜிப் வெச்சா ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர் உதவி வேணும். பால் கொடுக்குறதுக்கு முன்னயும் பின்னயும் மார்பளவு மாறும், அதனால பக்கத் தையல்ல ரெண்டு பக்கமும் 3 செ.மீ. துணி விட்டு வைங்க. அளவை ஷோவுக்குப் பத்து நாள் முன்னாடி திரும்ப எடுங்க. இறுக்கிக் கட்டுற கச்சை, மார்புக்குக் குறுக்கே போற தோல்பட்டை எல்லாம் பால் குழாயை அடைச்சுடும். பாத்திரத்துக்குத் தேவைன்னா தோற்றத்துக்கு மட்டும் மேலோட்டமாத் தைக்கலாம். வெளிர் நிறப் பட்டுலயும் சாம்பல் நிறத்துலயும் ஈரம் அப்படியே தெரியும். அடர் நிறமோ பூப்போட்டதோ நல்லது, இல்லேன்னா உள்ளே ஒரு மடிப்புத் துணி. மேல் உடை ரெண்டு செட். மைக் பாக்கெட்டை இடுப்புக்கு மாத்துங்க. உடைக்குள்ளயே போட்டுக்கிற பம்ப் இருக்குன்னு சிலர் சொல்வாங்க, ஆனா அதோட மோட்டார் சத்தத்தைச் சட்டைல குத்தின மைக் எடுத்துடும். மேடைக்கு அது உதவாது.

வட்டஒளி:

பக்கத்து அறை பற்றி. வைத்துக்கொள்ளலாம், ஆனால் "குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் அது குழந்தைக்கும் ஆபத்து, அம்மா அப்பாவுக்கும் வேலை ஓடாது. நடித்துக்கொண்டே குழந்தையைப் பார்க்க முடியாது. அந்த அறையில் அந்த வேலைக்கென்றே ஆள் வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று குழந்தைகள். எத்தனை குழந்தை இருந்தாலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஒருவர் ஒரு குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் மற்றவர் அறையில் இருக்க வேண்டுமே. அவர்களின் பின்னணியைச் சரிபார்த்து எடுங்கள், முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். குழுவில் இளையவர் யாரையாவது "சும்மாதானே இருக்கே" என்று அங்கே உட்கார வைக்காதீர்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள்: ஒவ்வாமை, மருந்து, தூங்கும் நேரம், யார் வந்தால் கூட்டிப் போகலாம், புகைப்படம் எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். ஒத்திகைப் படம் சமூக ஊடகத்தில் போகிற காலத்தில் அது முக்கியம்.

ஒத்திகைக் கூடத்தில் நான் முதலில் தேடுவது பட்டன் செல், அதாவது காசு போலத் தட்டையான சின்ன பேட்டரி. எல்.ஈ.டி மெழுகுவர்த்தி, சின்ன டார்ச், பொம்மை விளக்கு என்று மேடைப் பொருட்களில் நிறைய இருக்கும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடும் வகை மட்டும் வாங்குங்கள், உதிரி செல்களைப் பூட்டி வையுங்கள். அடுத்தது ஊக்கு, ஆணி, மீசை ஒட்டும் பசை, அதைக் கரைக்கும் திரவம்.

அரங்கத்துக்குள் போன பிறகு விதி கடுமையாக வேண்டும். விளக்குகளை மேலே மாட்டும்போது, அவற்றைத் தாங்கும் கம்பியை இறக்கும்போது, செட் நிறுத்தும்போது குழந்தை மேடையிலோ அதன் ஓரத்தில் பக்கத்திரை மறைவுக்குள்ளோ இருக்கக் கூடாது. எந்த விதிவிலக்கும் வேண்டாம். விளக்கை அணைத்த பிறகும் அதன் உடல் வெகு நேரம் சுடும். சவுண்ட் செக் நடக்கும்போது அறையைத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் இருக்கக் கூடாது. புகை இயந்திரம் ஓடினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

என் கருத்து, உங்கள் ஐந்து பேருக்கு இந்த அறையைவிடப் பராமரிப்புச் செலவைக் கையில் கொடுப்பது நல்லது. குழந்தை தன் வீட்டில், தன் நேரத்தில் தூங்கும். அப்படிச் செய்தால் அந்தத் தொகையைத் தயாரிப்புச் செலவில் ஒரு தனி வரியாக ஆரம்பத்திலேயே எழுதுங்கள். கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. மணிக்கு இவ்வளவு என்று வைத்து வாரத் தொடக்கத்தில் முன்பணமாகக் கொடுங்கள். பார்த்துக்கொள்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் கொடுங்கள். பாட்டி செய்யும் வேலையும் வேலைதான், அவரிடம் ரசீது கேட்காதீர்கள்.

மூன்றாம்மணி:

காய்ச்சல் கேள்வி விட்டுப்போனது. 12 ஷோவில், ஐந்து வீட்டுக் குழந்தைகளில் ஒன்றுக்காவது உடம்பு சரியில்லாமல் போகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். அந்த ஐந்து பேரில் நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் குழுவுக்குள்ளிருந்தே ஒரு மாற்று ஆள். கட்டத் தாளில் பார்த்தால் யாருடைய கட்டம் யாருடைய கட்டத்தோடு மோதவில்லை என்று தெரியும்; அவர்தான் மாற்று. அசைவுகளைத் தினமும் ப்ராம்ப்ட் புத்தகத்தில் (மேடை நிர்வாகியின் குறிப்புப் பிரதி) எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி முழு மேடையும் தெரிகிற மாதிரி ஒரு ரன் எடுத்து மாற்று ஆட்களுக்குக் கொடுங்கள். தொடக்க ஷோவுக்கு முன் மாற்று ஆட்களுக்கென்று இரண்டு ஒத்திகை, பிறகு வாரம் ஒன்று. இதற்கும் சம்பளம் உண்டு என்று முன்பே பேசிவிடுங்கள்.

தகவல் சொல்லும் நேரத்தை மதியம் 3 மணி என்று வையுங்கள், திரைக்கு நான்கு மணி நேரம் முன்னால். ஆனால் காலையிலேயே "சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல வைக்கும் பழக்கம் வேண்டும். அதற்கு ஒரே வழி, அப்படிச் சொல்கிறவரை யாரும் முகம் சுளித்துப் பார்க்காமல் இருப்பது. பயந்துகொண்டு ஆறு மணிக்குச் சொன்னால் மாற்று ஆளால் ஒன்றும் செய்ய முடியாது.

சலுகை என்ற பேச்சை அறிவுரையால் தீர்க்க முடியாது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்: ஷோ முடிந்து செட்டைப் பிரிக்கிற நேரத்தில் பெற்றோர்கள் போய்விடுவார்கள், மற்றவர்கள் நடு இரவு வரை பலகை தூக்குவார்கள். அந்த வேலையைக் கணக்கில் கொண்டு வாருங்கள். இரவில் பிரிக்கிறவருக்குக் கூடுதல் சம்பளம் அல்லது மறுநாள் தாமதமாக வரும் உரிமை. பெற்றோர்கள் அதற்கு ஈடாகப் பகலில் செய்யக்கூடியதை எடுத்துக்கொள்ளட்டும்: உடை சரிபார்ப்பு, மேடைப் பொருள் பட்டியல், துவைக்கப் போடுவது. இதை எழுதி ஒட்டுங்கள். முன்கூட்டிய அட்டவணை, 48 மணி விதி இரண்டும் 17 பேருக்கும் பொது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். யாருக்குக் குழந்தை இருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டாம். ஆள் எடுத்து முடித்த பிறகு எல்லாருக்கும் ஒரே படிவம், "எந்த நேரங்களில் வர முடியாது, என்ன ஏற்பாடு தேவை" என்று. 'தாய்மார்களுக்கான உதவி' என்று தலைப்புப் போட்டால் உங்கள் லைட் போர்டுக்காரர் வாயே திறக்க மாட்டார்.

நேபத்தியம்:

எல்லாருக்கும் நன்றி. கட்டத் தாளை இன்றே தொடங்கிவிட்டேன். 41 துண்டு வருகிறது. 10-3 நேரத்தைப் பற்றி நடிகர்களிடம் கேட்கிறேன், இரண்டு பேருக்குப் பகல் வேலை உண்டு, அதனால் பக்கத்திரை சொன்ன கலவைதான் ஒத்துவரும்போலிருக்கிறது. அந்த நான்கு நாள் டெக் மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. அங்கே காலை 10 முதல் இரவு 10 வரை எல்லாரும் என்பதுதான் எங்கள் வழக்கம். லைட் போர்டுக்காரர் நான்கு நாளும் இருந்தே ஆக வேண்டுமே?

வட்டஒளி:

முதல் நாளும் இரண்டாம் நாள் மதியம் வரையும் நடிகர்களை அழைக்கவே வேண்டாம். முதல் நாள் செட், விளக்குகளை மாட்டுவது, ஃபோகஸ் (ஒளி எங்கே விழ வேண்டும் என்று திருப்பிச் சரிசெய்வது). இரண்டாம் நாள் காலையில் நடிகர் இல்லாமல் க்யூக்களை (எந்த இடத்தில் ஒளி எப்படி மாற வேண்டும் என்ற கட்டளைகள்) பதிவு செய்யுங்கள்: ஒளியமைப்பாளர், இயக்குநர், நீங்கள், போர்டில் ஒருவர். நடிகர் இடத்தில் நிற்க இரண்டு பேர் போதும், ஆனால் உயரம் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், உடை நிறமும் ஒத்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரரை நிற்க வைத்து ஒளி அளவு போட்டால், கறுப்பு உடையில் நடிகர் வரும்போது மொத்தமும் மாற்ற வேண்டிவரும்.

இரண்டாம் நாள் மதியமும் மூன்றாம் நாள் பகலும் க்யூ-டு-க்யூ (நடுவில் உள்ள வசனங்களை விட்டு ஒரு க்யூவிலிருந்து அடுத்த க்யூவுக்குத் தாவிப் பார்ப்பது), மாலை 5 மணிக்கு நிறுத்துங்கள். குழந்தை உள்ள நடிகர்களின் துண்டுகளை வரிசை மாற்றி ஒன்றாகப் பார்க்கலாம், க்யூ எண்கள் தெளிவாக இருந்தால் போர்டுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. காட்சி மாற்றங்களையும் அவசர உடை மாற்றங்களையும் மட்டும் வரிசை மாற்றிச் செய்ய முடியாது. அவற்றுக்கு மூன்றாம் நாள் கடைசி இரண்டு மணி நேரத்தைத் தனியாக வையுங்கள். நான்காம் நாள் உடையோடு முழு நாடகமும் பார்க்கும் டிரெஸ் ரிஹர்சல் இரண்டு, ஒன்று மதியம், ஒன்று ஷோ நேரத்தில். ஆக, நடிகர்களுக்கு மாலை ஒன்றே ஒன்றுதான் போகும். பால் கொடுக்கும் நடிகையின் நேரத்தை அந்த நான்காம் நாளில்தான் மறந்துவிடுவார்கள், இரண்டு ரிஹர்சலுக்கும் நடுவில் அரை மணியைப் பெயர் போட்டே எழுதுங்கள்.

போர்டுக்கு இரண்டு பேரை வையுங்கள். பதிவு செய்த க்யூக்களை ஒவ்வொன்றாகத் தட்டும் போர்டைப் பகிர்வது எளிது. நடிகரைத் தொடர்ந்து கையால் திருப்புகிற ஃபாலோ ஸ்பாட் விளக்கு அப்படி இல்லை, அதற்கு ஒரே ஆள் இருக்கட்டும். இருவரும் ஒரே க்யூ தாளைப் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கொரு டிரெஸ் ரிஹர்சலை ஓட்ட வேண்டும், மற்றவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். 12 ஷோவை ஆளுக்கு ஆறாகப் பிரித்துத் தேதியை இப்போதே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஷோவுக்கும் பிறகு ஷோ ரிப்போர்ட்டில் எந்த க்யூ தாமதமானது, எந்த விளக்கு எரியவில்லை என்று எழுத வேண்டும், அடுத்தவர் அதைப் படிக்க 20 நிமிடம் முன்னதாக வர வேண்டும். இந்த 20 நிமிடத்தையும் சம்பளக் கணக்கில் சேருங்கள். பகிர்வு முறை உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான்: முதல் ஆள் ஒரு க்யூவின் நேரத்தை மாற்றிவிட்டுப் போர்டில் மட்டும் சேமித்திருப்பார், தாளில் திருத்தியிருக்க மாட்டார்.